என் கையைப் பாரு

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நீ நலமா, வாலு நலமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

நீ ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் மூன்று யோசனை சொல்லிவிடுகிறேனாம், இனிமேல் போனில் பேச முடியாது, எழுதினால்தான் படிப்பாய் என்று கறாராகச் சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

கால் எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. எட்டு வாரம் மாவுக்கட்டு. பதினெட்டு வருஷமாகக் கிரேனுக்குக் கீழே நின்று, சுமையை எங்கே இறக்குவது என்று கைகாட்டுகிறவன் நான், ஒரு கீறல் பட்டதில்லை. அன்றைக்கு அது என் சுமைகூட இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒல்லிதான் கைகாட்டிக்கொண்டிருந்தான், இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. நான் சும்மா அந்தப் பக்கமாக நடந்துபோனேன். மேலே கூண்டில் மாடிக்காரி. எங்கள் யார்டில் கிரேன் ஓட்டும் ஒரே பெண். நாள் முழுக்க உயரத்திலேயே இருப்பதால் அந்தப் பெயர். எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று நிறுத்தினாள். கட்டு ஆடிவந்து என் காலில் மோதியது. ஒல்லி எனக்கு முதுகு காட்டி நின்றதால் அவன் ஒன்றும் பார்க்கவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நான் எழுந்து நடந்தபிறகு விசாரணை. என் வார்த்தைதான் முடிவாம். இனிமேல் அவளுக்குக் கூண்டு கிடையாது என்றே பேசிக்கொள்கிறார்கள்.

வாலு தன்னுடைய போன் விளையாட்டு ஐடியை எனக்குக் கொடுத்திருக்கிறாள், அவள் பரீட்சை முடியும்வரை எனக்குப் பொழுது போகட்டும் என்று. தங்கமான பெண்ணைப் பெற்றிருக்கிறாய். உன் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாயே, வாஷரை மட்டும் மாற்றாதே, குழாய்த் திருகையே மாற்று.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுக்கிறாயா?

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் நேற்று ஒரு கூத்து. ஒரு அம்மா கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கணவர். நான் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டக் காட்ட, அவர் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த அம்மாவும் அப்படியே ஒப்பிக்கிறார். கடைசி வரிவரை எல்லாம் சரி. கண்ணாடியே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டியதுதான். எழுந்து போகும்போது அந்த அம்மா கதவு என்று நினைத்து என் நிலைக்கண்ணாடியைப் போய்த் தள்ளினார். கணவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி உட்கார வைத்தேன். உன் ஞாபகம் வந்தது.

நீ சும்மா நடந்துபோனாய் என்று எழுதியிருக்கிறாய். நீ என்றைக்கு அண்ணா சும்மா நடந்திருக்கிறாய்? அந்தப் பெண் தரப்பில் என்ன சொல்கிறாள்?

வாலு மூன்று தடவை சொல்லிவிட்டாள், நான்காவது தடவை நான் எழுதுகிறேன். தனியாகப் பழகுகிற ஆட்டம் மட்டும் ஆடச்சொன்னாள். மைக்கைத் தொடவே கூடாது. அந்த ஐடி அவள் ஒரு வருஷமாகப் பாடுபட்டுச் சேர்த்த பெயர்.

பத்திரமாக இரு.
தங்கை


பிப்ரவரி 27

என் அருமைத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கட்டுக்குள் அரிக்கிறது, ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். மற்றபடி குறையில்லை.

இந்த விளையாட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். இரண்டு கோட்டை, நடுவில் மூன்று பாதை. நம் கோட்டை விழுவதற்குள் அவர்கள் கோட்டையை இடிக்க வேண்டும். கூட ஆடுகிற நான்கு பேரும் யார் என்றே தெரியாது. தலையணை என்று ஒருவன், பாதித்தூக்கம் என்று ஒரு பெண். எல்லாம் வைத்துக்கொண்ட பெயர்கள். வாலுவின் பெயர் தீக்குச்சி, அதனால் இப்போது நான்தான் தீக்குச்சி.

ஒருநாள் தவறிப்போய் மைக்கில் விரல் பட்டுவிட்டது. பட்டது நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் கண்ணைக் கட்டிவிட்டதுபோல ஓடுகிறார்கள். பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? இங்கே நில், அங்கே போ, பின்னால் வா என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் கேட்கவில்லைதான். கேட்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் கோட்டை போய்விடும். என் கண்ணுக்கு மைதானம் முழுக்கத் தெரிகிறது, தொழில் அப்படி. இப்போது காலையில் ஐந்து ஆட்டம், சாப்பிட்டுவிட்டு ஐந்து ஆட்டம்.

வாலுவிடம் மைக் சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டாம். ஜெயித்துக் கொடுத்து அசத்துகிறேன்.

குழாய்த் திருகை மாற்றினாயா? மாற்றும்முன் மெயின் வால்வை மூடு.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

நலமா? நாங்கள் நலம். வாலு ராப்பகலாகப் படிக்கிறாள். மைக் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாதது தப்பு என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. தயவுசெய்து அதை அணைத்துவிடு.

மாடிக்காரி என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தேன். உன் கடிதத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கமே காணோம்.

குழாய் ஒழுகுகிறது. ஒழுகட்டும்.

தங்கை


மார்ச் 18

தங்கைக்கு,

சௌக்கியமா? கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு வாரம்.

மாடிக்காரியைப் பற்றி என்ன எழுத? அவளுக்கு இரண்டு கை தெரிந்ததாம், அதனால்தான் நிறுத்தினாளாம். எங்கள் தொழிலில் ஒரு சுமைக்கு ஒருவர் கைதான். இன்னொருவர் கை குறுக்கே வந்தால் மேலே இருப்பவர் உடனே நிறுத்த வேண்டும், அது சட்டம். ஆனால் அதற்கு இன்னொரு கை இருந்திருக்க வேண்டுமே. என் கை கீழேதான் இருந்தது என்று எழுத்தில் கொடுத்தாயிற்று. ஒல்லி பார்க்க வந்தான், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டான்.

முந்தாநாள் ஒரு ஆட்டம். தலையணையும் பாதித்தூக்கமும் இன்னும் இரண்டு பேருமாக நால்வரும் கூட்டாளிகள் போலிருக்கிறது, நான் ஐந்தாவது. அதில் ஆமை என்று ஒரு பெண் எல்லாருக்கும் உத்தரவு போடுகிறாள். நான் நல்லது சொன்னால், 'கொஞ்சம் பேசாம இருங்க' என்கிறாள், என்னைப் பார்த்து. கடைசியில் தோற்றோம். அந்தத் தலையணை எந்தப் பக்கமும் போகாமல் நட்டநடுவில் மரம்போல நின்றுவிட்டான். காரணமே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னதைச் செய்யத் தெரியவில்லை.

அதற்கப்புறம் திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. ஏதோ நீளமாக எழுதியிருந்தது. 'சரி' என்பதை அமுக்கிவிட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. எல்லாரும் நலம்தானே? போன் போட்டால் எடுக்கவில்லை. கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் குச்சியாகிவிட்டது, கோல் ஊன்றி நடக்கிறேன்.

அந்த விளையாட்டு திறக்க மாட்டேன் என்கிறது. பூட்டுப் படம் மட்டும் வருகிறது. வாலுவிடம் பார்க்கச் சொல். போனை ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகலாம், இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல். பரீட்சை எப்படி எழுதினாள்? கேட்டதாகச் சொல்.

விசாரணையை மே கடைசிக்கு வைத்திருக்கிறார்கள்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

கட்டுப் பிரித்தது சந்தோஷம். வாலு உனக்குத் தனியாக எழுதுகிறாள். அதை முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு எனக்கு எழுது.

தங்கை


ஏப்ரல் 21

மாமாவுக்கு வணக்கம். கால் தேறிவிட்டது என்று அம்மா சொன்னாள், நல்லது.

என் ஐடியை ஆறு மாதத்துக்குப் பூட்டிவிட்டார்கள். பதினேழு புகார். எல்லாம் பேச்சைப் பற்றித்தான்.

நீங்கள் அம்மாவுக்கு எழுதிய அந்த ஆமைதான் ஒரு அணியின் தலைவி. நான்கு பேர் ஐந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஏப்ரல் ஐந்தாம் தேதி தேர்வு ஆட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் பரீட்சை முடியக் காத்திருந்தேன். நான் ஒருநாளும் மைக்கில் பேசியதில்லை, என் குரல் அவர்களுக்குத் தெரியாது; தீக்குச்சி என்ற பெயரைப் பார்த்து நான்தான் என்று நினைத்து மார்ச்சில் உங்களைச் சேர்த்து ஆடியிருக்கிறார்கள். வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ஐடியைக் கொடுத்தது என் தப்பு, அதை நான் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

புகாரோடு ஒலிப்பதிவும் வந்திருக்கிறது. போனில் உங்களுக்குப் போட்டுக்காட்டலாம் என்றாள் அம்மா. போட்டால் நடுவில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் ஒரு பகுதியை எழுதியே அனுப்புகிறேன். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நீங்கள்: ஏய் தலையணை, அங்க என்ன வேலை? மேல் பாதைக்கு வா.

தலையணை: ஆமை என்னை இங்கயே நிக்கச் சொல்லியிருக்காங்க அண்ணே.

நீங்கள்: அவளுக்கு என்ன தெரியும். நான் சொல்றேன், வா.

ஆமை: ப்ளீஸ், கொஞ்சம் பேசாம இருங்க.

நீங்கள்: பேசாம இருந்தா தோத்துருவோம். இடது போ. இடதுப்பா, இடது தெரியாதா?

தலையணை: இப்ப நான் யார் சொல்றதைக் கேக்கிறது?

நீங்கள்: என் கையைப் பாரு. என் கையைப் பாருன்னு சொல்றேன்ல.

தலையணை: எந்தக் கை அண்ணே?

இந்த இடத்தில்தான் அவன் நடுவிலேயே நின்றுவிட்டான். அடிபட்டு விழுந்தான், அப்புறம் கோட்டையும் விழுந்தது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை மாமா. விளையாட்டில் ஏது கை? பதிவு முழுக்கக் கேட்டால் ஏழு தடவை அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

வாலு


மே 12

தங்கைக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமாக இருங்கள்.

வாலுவின் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. முதல் தடவை படிக்கும்போது, யாரடா இவன் இப்படிக் கத்துகிறான் என்று எனக்கே கோபம் வந்தது. நம் வீட்டுப் பெண்ணின் குண்டுகுண்டான கையெழுத்தில் என் வாய் அவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. அவள் மாமா என்று எழுதியிருக்கிற இடத்தைப் பார்க்கவே கூசுகிறது. மைக்கில் விரல் தவறிப் படவும் இல்லை. முதல் நாளே நானாகத்தான் போட்டேன். விளையாட்டுக்காரர்களுக்கு எழுதினேன், பேசியது நான், அவளில்லை என்று. யார் பேசினாலும் ஐடி ஒன்றுதான் என்று பதில் வந்தது.

விளையாட்டில் ஏது கை என்று கேட்டிருக்கிறாளே, அதற்கு அவளுக்கு என்ன பதில் எழுதுவேன்? உனக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் சும்மா நடந்துபோகவில்லை. ஒல்லி கட்டை இடது பக்கம் இறக்கப் பார்த்தான். அங்கே இடம் போதாது என்று எனக்குப் பட்டது. என் சுமை இல்லை, என்னை யாரும் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி வலது பக்கம் காட்டினேன். மேலே பார்த்து 'என் கையைப் பாரு' என்று கத்தினேன். அவ்வளவு உயரத்துக்குக் குரல் கேட்காது, ஆனால் கை தெரியும். மாடிக்காரிக்கு இரண்டு பேர் கை தெரிந்தது. நிறுத்தினாள். சட்டப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தாள். அந்தச் சட்டத்தைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான்.

அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார். வலி ஊசி மயக்கத்தில் உளறிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். மயக்கமெல்லாம் இல்லை. நல்ல நினைவோடுதான், என் கை கீழே இருந்தது என்றேன். பதினெட்டு வருஷப் பெயர் போய்விடுமே என்ற பயம். அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. தலையணை காரணமில்லாமல் நின்றான் என்று உனக்கு எழுதினேன் பார், அதே வார்த்தையைத்தான் அவளைப் பற்றியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் விசாரணை. எழுதிக்கொடுத்ததை இப்போது மாற்றினால் கைகாட்டுவதற்கான என் உரிம அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். மாற்றாவிட்டால் அவள் கூண்டு போயிற்று. என்ன செய்யட்டும்? நீ சொல்.

அண்ணன்


மே 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு நேற்றிலிருந்து தலைவலி.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக என்னிடம் யோசனை கேட்கிறாய். சொல்ல மாட்டேன். எழுத்துப் பலகை உன் முன்னால் இருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தால், அப்புறம் உனக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் எழுதுகிறேன், அது யோசனை இல்லை. உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அண்ணன் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு கையைத் தொங்கப்போட்டு நடக்கிறவன் இல்லை. இரண்டு தடவை ஜாடையாகக் கேட்டேன், நீ நழுவினாய், நானும் விட்டுவிட்டேன். அண்ணன் வேலைக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்ற சுயநலம்தான். ஒரு பெண் மூன்றரை மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும் நான் குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கப்பட வேண்டியது நீ மட்டும் இல்லை.

வாலு புது ஐடி தொடங்கி, மறுபடி அடியிலிருந்து ஆடுகிறாள். உன் மேல் கோபமா என்று கேட்டேன். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை முடிந்தபிறகு எழுது. அதற்குமுன் வேண்டாம்.

தங்கை


ஜூன் 7

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் வாலுவும் நலமாக இருக்க வேண்டும். தலைவலி விட்டதா? சமையலறைக் குழாய் எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன், ஒன்றும் சொல்ல வரவில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர், எதிரில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் மாடிக்காரி. அவள் மடியில் ஒரு துணிப்பை. வாய் திறந்திருந்த பைக்குள் அவளுடைய கையுறைகள் தெரிந்தன. இன்றைக்கே மேலே ஏறச் சொன்னாலும் ஏறலாம் என்று எடுத்து வந்திருந்தாள் போல. அதைப் பார்த்தபிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எழுதிக்கொடுத்தது பொய், என் கை மேலே இருந்தது என்று சொன்னேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார்கள். வெட்கம் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு, அவளை மறுபடி கூண்டுக்குப் போகச் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

"ரெண்டு கை தெரிஞ்சுதுன்னு சொன்னேன். இல்லவே இல்லைன்னு நீங்க சொன்னீங்க," என்றாள். "பதினெட்டு வருஷ ஆளு பொய் சொல்லுவாரா, நாமதான் தப்பாப் பாத்துட்டோமோன்னு நெனச்சேன். போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணிப் பாத்தேண்ணே. ரெண்டு தடவை."

அவ்வளவுதான் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிரேன் பக்கம் நடந்தாள். உன் முன்னால் உட்காருகிறவர்களில் அப்படி யாராவது வந்திருப்பார்களோ, எழுத்தெல்லாம் சரியாகப் படித்துவிட்டும் தங்கள் கண்ணை நம்பாமல் போனவர்கள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது சாமான் அறையில் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கிறேன். யாராவது கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். வாலுவுக்கு நான் எழுதலாமா என்று கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் வேண்டாம்.

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூண்டில் மாடிக்காரி, கீழே ஒல்லி. அதே மாதிரி குழாய்க் கட்டு, அன்றைக்கு அடுக்கியிருந்த அதே அடுக்குகளுக்கு நடுவில். ஒல்லி இடது பக்கம் காட்டினான். இடம் போதாது என்று எனக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. கையுறை வாங்க வந்த வெல்டர், 'யாரைண்ணே கூப்பிடுறீங்க?' என்று கேட்டபிறகுதான் என் கை மேலே இருப்பதைப் பார்த்தேன். யாரையும் இல்லை என்று இறக்கிக்கொண்டேன்.

கட்டு இடது பக்கமே இறங்கியது. சரியாக உட்கார்ந்தது, பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடமும் மிச்சம். அன்றைக்கும் அந்த இடம் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணன்